குளிர்காய வந்த மீன்

சென்ற நத்தார் விடுமுறையில் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில் திருப்பலி முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்த என்னை ஓர் இளைஞன் மறித்து, "அங்கிள், மீன் பிடிக்கிறது பாவமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுடைய பாட்டனார் நீர்கொழும்பிலிருந்து வந்து கொழும்பிலே மீன் வியாபாரம் செய்து ஐந்து பிள்ளைகளைப் படிப்பித்தவர். மீன் பிடிப்பது பாவமென்றால் அந்தக் குடும்பத்தில் ஒருவருமே கரையேற முடியாதே! நான் சிரித்ததை அவன் பொருட்படுத்தவில்லை. "அதில்லை அங்கிள், நான் பிடித்த விதந்தான் மனதை உறுத்துது" என்றான். பேராலய வளவில் நின்றபடியே அரை மணித்தியாலம் கதைத்தோம். அவன் சொன்னதையும் அதன் பின் நான் யோசித்ததையும் உங்களுக்கு எழுதுகிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்து பேசத்தக்க விஷயம் இது.

அவன் அமெரிக்காவிலே வேர்ஜீனியா மாநிலத்தில் கணினித் துறையில் உத்தியோகம் பார்ப்பவன். கடந்த ஜனவரியில் வேலைத்தலத்து நண்பர்கள் அவனை அன்னா ஏரி என்ற இடத்துக்கு அழைத்துப் போனார்களாம். விரல் விறைக்கும் குளிர். அந்தக் காலத்தில் வேறு ஏரிகளுக்குத் தூண்டிலோடு போகிறவர்கள் நாள் முழுவதும் குந்தியிருந்து வெறுங்கையோடு திரும்புவதே வழக்கம். இங்கோ ஏரியின் ஒரு மூலையில் தண்ணீர் மேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கடற்காகங்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. தூண்டிலைப் போட்டவுடனேயே மீன் கவ்வியது. மத்தியானத்துக்குள் அவன் மட்டும் பதினொரு மீன் பிடித்துவிட்டான். நண்பர்கள் பழக்கியபடி ஒவ்வொன்றையும் கொக்கியிலிருந்து கழற்றி, படமெடுத்து, மறுபடி தண்ணீரிலே விட்டான். பதினோராவது மீன் கொக்கியை விழுங்கியிருந்தபடியால் செவுளிலிருந்து இரத்தம் கசிந்தது. அதையும் விட்டான். அது சிறிது நேரம் பக்கவாட்டில் சரிந்து மிதந்து, பின்பு கீழே போய்விட்டதாம்.

"அது இரை தேடி வந்ததாக எனக்குப் படவில்லை, அங்கிள். குளிர்காய வந்தது. நான் அங்கே காத்துக்கொண்டு இருந்தேன்" என்றான்.

குளிர்காய்தல் என்ற நமது தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நெருப்பருகே கை நீட்டிச் சூடு தேடுவது ஒன்று. பிறனுடைய இடரில் தன் இலாபத்தைத் தேடுவது மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்ன நம் முன்னோர் பொல்லாதவர்கள்தான். அந்த ஏரிக்கரையிலே மீன் முதலாம் அர்த்தத்தில் குளிர்காய்ந்தது, பையன் இரண்டாம் அர்த்தத்தில் குளிர்காய்ந்தான் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்வதற்கு முன் அந்த ஏரியின் கதையைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நியாயம்.

அன்னா என்றதும் நமக்கு அன்னம்மாள் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஏரிக்குப் பெயர் கொடுத்த வட அன்னா என்னும் ஆறு இங்கிலாந்தின் ஆன் அரசியின் பெயரைத் தாங்கியது. அவ்வாற்றை மறித்து 1972 ஆம் ஆண்டில் ஏரியை உண்டாக்கியதன் காரணம் மீனுமல்ல, விவசாயமுமல்ல. கரையிலே கட்டப்பட்ட அணுமின் நிலையத்தைக் குளிர்விப்பதேயாகும். நிலையத்தின் முதலாவது உலை 1978 இலும் இரண்டாவது 1980 இலும் வேலை தொடங்கின. அணுவானாலும் நிலக்கரியானாலும் இத்தகைய நிலையங்கள் செய்வது நமது குசினிக் கேத்தல் செய்கின்ற வேலையைத்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியினால் பெரிய சுழலியொன்றைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். சுழற்றி முடிந்த ஆவியை மீண்டும் தண்ணீராக்குவதற்குக் குளிர்ந்த நீர் ஏராளமாக வேண்டும். அணு உலை தரும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கே மின்சாரமாகிறது. ஏறக்குறைய இரண்டு பங்கு, குளிர்விக்கும் நீரோடு கலந்து வீணாக வெளியேறுகிறது. அன்னா ஏரியின் பரப்பு 13,000 ஏக்கர். அதிலே 3,400 ஏக்கரை அணைகளால் பிரித்து, வெந்நீர் ஆறுவதற்கென்று விட்டிருக்கிறார்கள். அந்த வெந்நீர்ப் பக்கம் கரையிலே காணி உடையவர்களுக்கும் அவர்களுடைய விருந்தினருக்கும் மட்டுமே. (குளிர்காய்வதற்கும் உறுதிப் பத்திரம் வேண்டியிருக்கிறது பாருங்கள்!) மீதி 9,600 ஏக்கர் பொதுமக்களுக்கு உரியது. வெந்நீர்ப் பக்கத்திலிருந்து கடைசி அணையைக் கடந்து வெதுவெதுப்பான நீர் பொதுப்பக்கத்தில் வந்து விழுகின்ற இடத்தில்தான் நம் பையன் உட்கார்ந்திருந்தான்.

அவன் பிடித்தது 'பாஸ்' என்னும் மீன். நமது கொடுவாவைப் போல அகன்ற வாயோடு இரையைப் பாய்ந்து கவ்வும் சாதி, ஆனால் நன்னீரில் வாழ்வது. மீனுக்குத் தன் உடம்பிலே சொந்தமாகச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவே அதன் உடம்பும். பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழே நீர் குளிர்ந்தால் பாஸ் மீன் மந்தித்துப்போய் ஆழத்தில் அசையாமல் கிடக்கும். இரையும் அதிகம் எடுக்காது. அந்த ஏரியிலே நம் சாளையைப் போன்ற 'ஷாட்' என்னும் சிறுமீனும் உண்டு. அதில் ஒரு வகை கடுங்குளிரில் செத்தே போகும். ஆகவே உயிர் பிழைக்க அது வெதுவெதுப்பான நீரை நாடி வருகிறது. அதைத் தின்ன பாஸ் வருகிறது. சிறுமீனைப் பொறுக்கக் கடற்காகம் வருகிறது. கடற்காகம் சுற்றும் இடத்தைப் பார்த்து மனிதன் வருகிறான். இந்த வரிசையில் விளையாட்டுக்கு வருகிறவன் மனிதன் ஒருவனே.

முதலில் சுலபமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மீன் பிடிப்பது பாவமன்று. இறைவன் படைப்புக்களை மனிதனுடைய பொறுப்பில் விட்டதை ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே வாசிக்கிறோம். ஆண்டவர் தமது முதற் சீடரைத் தேடிப் போனது வலையும் தோணியும் கிடந்த கரைக்குத்தான். உயிர்த்த பின் சீடர்களின் ஐயத்தைப் போக்க அவர் பொரித்த மீனை வாங்கி உண்டார் என்று லூக்காஸ் எழுதுகிறார். முகத்துவாரத்திலும் நீர்கொழும்பிலும் மன்னாரிலும் விடியப்புறம் கடலுக்குப் போகும் நமது சகோதரர்களைப் பார்த்து, "மீனுக்கு நோகாதா?" என்று கேட்க, சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு அருகதை இல்லை. வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கி மீன் குழம்பு உண்பதை ஒறுத்தல் என்று எண்ணிக்கொள்ளும் நமக்குச் சற்றேனும் இல்லை.

ஆனால் அந்தப் பையன் உண்பதற்காகப் பிடிக்கவில்லை. பதினொன்றையும் திருப்பி விட்டான். கொல்லாமல் விட்டது நல்லதுதானே என்பீர்கள். அமெரிக்காவிலே மீன்வளம் குறையாதபடி அப்படி விடுவதையே நல்ல பழக்கமென்று போற்றுகிறார்கள். இதற்கு எதிராக, நம்மவர் பலர் குடியேறியிருக்கும் சுவிற்சர்லாந்திலோ 2008 ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, விடுவிக்கும் எண்ணத்தோடு மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதைத் தடை செய்கிறது. உண்பதற்கென்றால் பிடி, விளையாட்டுக்காக அதன் வாயில் கொக்கியைக் குத்தாதே என்பது அந்நாட்டவர் நியாயம். ஒரே செயலை ஒரு நாடு புண்ணியம் என்கிறது, மற்றொரு நாடு குற்றம் என்கிறது. மீனுக்கு வேதனை தெரியாது என்று நாம் சிறுவயதில் கேள்விப்பட்டதுண்டு. 2003 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் ட்ரவுட் என்னும் மீனின் முகத்திலும் வாயைச் சுற்றியும் ஊறுபாட்டை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். மனிதன் நோவை உணர்வதுபோல் மீன் உணர்கிறதா என்பதில் அறிஞரிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனால் ஒன்றுமே தெரியாது என்று சொல்லிக் கைகழுவும் காலம் போய்விட்டது.

திருச்சபையின் போதனையும் இங்கே மௌனமாயில்லை. 1992 இல் வெளியான மறைக்கல்வி ஏடு, உணவுக்கும் உடைக்கும் மிருகங்களைப் பயன்படுத்துவதை அனுமதித்து, தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே ஒவ்வாதது என்று கற்பிக்கிறது. மனித மாண்புக்கு என்பதைக் கவனியுங்கள். அக்குயினாஸ் தோமையார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதே வழியில் யோசித்தார். மிருகத்தினிடம் கொடுமை பழகியவன் மனிதனிடமும் அதைக் காட்டுவான் என்பது அவர் அச்சம். அசிசி நகர் பிரான்சிஸ்குவைப்பற்றி ஒரு வரலாறு உண்டு. ரியேற்றி ஏரியிலே ஒரு மீனவன் உயிருள்ள மீனொன்றை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க, அவர் அதைச் சகோதரன் என்று அழைத்துத் தண்ணீரிலே திரும்ப விட்டாராம். அதைக் காட்டி, "நாங்களும் திரும்ப விடுகிறோமே" என்று தூண்டில் விளையாட்டுக்காரர் சொல்வார்களானால், பிரான்சிஸ்கு கொக்கி போட்டவரல்லர் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டலாம்.

நிற்க. பையனுடைய மனவுறுத்தல் இதைவிட ஆழமானது. கோடையில் அவன் இதே மீனைப் பிடித்ததுண்டு. அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லையாம். கோடையில் மீனுக்கு ஏரி முழுவதும் வீடு. அது வரலாம், வராமலிருக்கலாம். குளிர்காலத்திலோ அதற்குப் போக்கிடம் அந்த ஒரு மூலைதான். வராமலிருக்க அதனால் முடியாது. அதுதான் அவனை வருத்தியது.

வில்பத்துக் காட்டிலே வரட்சிக் காலத்தில் மான்கள் கடைசி நீர்நிலைக்கு வரும்போது சிறுத்தை அங்கே பதுங்கியிருப்பதில்லையா என்று கேட்பீர்கள். பதுங்கியிருக்கிறதுதான். அதற்கு வேறு சாப்பாடு இல்லை. பசி தீர்ந்தபின் அது இன்னும் பத்து மானைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு விடுவதுமில்லை. கரைவலைக்காரன் மீன் கூடும் இடமும் காலமும் பார்த்துத்தானே வலை வளைக்கிறான் என்றும் கேட்பீர்கள். உண்மை. மீன் கூடும் இடத்தை அறிவதுதான் அவன் தொழிலின் வித்தை. அதை நான் குறை சொல்லேன். ஆனால் அந்த வித்தைக்கும் எல்லை உண்டென்பதை நம் மீனவரே அறிவார்கள். 2018 ஆம் ஆண்டில் முல்லைத்தீவு மீனவர் வீதிக்கு இறங்கிப் போராடியதற்கான காரணங்களில் ஒன்று, கடலில் வெளிச்சம் பாய்ச்சி மீனை வரவழைத்து அள்ளும் முறையை நிறுத்தவேண்டும் என்பதுதான். வருமானம் பறிபோவது அவர்களுக்கு முதற் கவலை; அதில் ஐயமில்லை. ஆயினும் மீனுக்குத் தப்ப ஒரு வழி இருக்கவேண்டும் என்ற பழைய கடல் நியாயமும் அந்தக் குரலிலே எனக்குக் கேட்டது.

வேதாகமத்திலே இதற்கு நேரான ஓர் இடம் உண்டு. உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வழியிலே ஒரு குருவிக்கூட்டைக் கண்டு, தாய்க்குருவி குஞ்சுகள்மேல் அல்லது முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தால், தாயைப் பிடிக்காதே, போக விட்டுவிடு என்று கட்டளை. குஞ்சுகளை எடுக்கத் தடையில்லை. நீண்ட காலம் இந்தக் கட்டளை எனக்கு விளங்கவில்லை. குஞ்சை எடுக்கலாமென்றால் தாயை ஏன் எடுக்கக்கூடாது? சிறுவயதில் குருவி பிடித்துத் திரிந்த ஒரு நண்பர்தான் விளக்கம் தந்தார்: "சும்மா நேரத்தில தாய்க்குருவி கையில அகப்படுமா? குஞ்சை விட்டுட்டுப் போக மனமில்லாததாலதான் அகப்படுது." அதன் பாசமே அதைப் பிடித்துக் கொடுக்கிறது. அந்தச் சலுகையை மட்டும் மனிதன் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நியாயப்பிரமாணம் சொல்கிறது. இந்த விளக்கம் சரியென்றால், நம் பையனின் உறுத்தல் புதுமோடியான ஒன்றல்ல. மோயீசன் காலத்து உறுத்தல்.

இன்னும் ஒரு குளிர்காய்தல் நம் விசுவாசத்தின் நடுவிலேயே இருக்கிறது. பெரிய வியாழன் இரவு தலைமைக் குருவின் முற்றத்திலே கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள். குளிராயிருந்தது என்று அருளப்பர் ஞாபகமாய் எழுதுகிறார். கலிலேயாக் கடலில் மீன் பிடித்த இராயப்பர் அங்கே நின்று குளிர்காய்ந்தார். மீனவரே மீனாகிப்போன இரவு அது. கேள்வி கேட்டவர்கள் அவரைத் தேடிப் போகவில்லை. சூட்டை நாடி வந்தவரை அந்த வெளிச்சத்தில் பார்த்து, நீயும் அவனைச் சேர்ந்தவன்தானே என்று ஒருவர் மாறி ஒருவர் தூண்டில் போட்டார்கள். மூன்று முறை. அதே நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், விடியற்காலையில், திபேரியாக் கடற்கரையில் வேறொரு கரிநெருப்பு. மூல மொழியில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில் மாத்திரமே வருகிறது என்பர். இராத்திரி முழுவதும் நனைந்து விறைத்து வந்த இராயப்பர் அந்த நெருப்பண்டை வந்தபோது, அங்கே அப்பமும் மீனும் தயாராயிருந்தன. சாப்பிட்டு முடியும் வரைக்கும் ஆண்டவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதன் பின்னரே கேட்டார். அதுவும் மூன்று முறை.

இதையெல்லாம் மீனோடு நிறுத்திவிட என்னால் முடியவில்லை, வாசகரே. ஏன் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் புதுக்கடையில் முப்பத்தைந்து வருடம் இலிகிதராக இருந்தவன். காலை எட்டு மணிக்கு பஸ்ஸிலிருந்து ஒரு தாய் இறங்குவாள். முதல் நாள் இரவே ஊரிலிருந்து புறப்பட்டிருப்பாள். கையிலே ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மகனுடைய அடையாள அட்டைப் பிரதி, ஒரு பொலிஸ் துண்டு, இரண்டு வாழைப்பழம். மகன் மறியலில். சிங்களம் தெரியாது. எந்தக் கட்டடம், எந்த அறை, யாரைக் கேட்பது? அப்போது ஒருவன் பக்கத்தில் வந்து, "அம்மா, எங்கேயிருந்து வாறீங்க? தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று தமிழிலே கேட்பான். அந்த ஒரு தமிழ் வார்த்தையின் சூடு போதும். அவள் முகம் மலர்ந்துவிடும். பொலித்தீன் பையை அவன் கையிலே கொடுத்துவிடுவாள். அவன் தரகன். பத்து ரூபா வேலைக்கு ஆயிரம் ரூபா வாங்குகிறவன். அவளுக்கு உதவி வேறெங்கும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தான்.

நல்ல சட்டத்தரணிகள் அங்கே எத்தனையோ பேர் உண்டு; காசு வாங்காமல் ஏழைகளுக்காக நின்றவர்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நான் அவர்களைப்பற்றிப் பேசவில்லை. என்னைப்பற்றித்தான் பேசுகிறேன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், வழி தெரியாமல் நின்ற ஒரு கிழவருக்கு ஒருவரிடம் போகும்படி நான் கைகாட்டினேன். அன்று பின்னேரம் அந்த ஒருவர் எனக்கு ஐம்பது ரூபா தந்தார். சந்தோஷம் என்று சொல்லித் தந்தார். வாங்கினேன். வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போனேன். அதன் பின் நான் அப்படிச் செய்யவில்லை, பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கிழவர் எனக்குக் கைகூப்பி நன்றி சொன்னது இன்னும் மறக்கவில்லை. தான் பிடிபட்டது அவருக்குத் தெரியாது.

வடக்கிலும் கிழக்கிலும் 2009 இல் யுத்தம் முடிந்தபின் நுண்கடன் கொடுக்க வந்தவர்களின் கதையை நீங்கள் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். கணவனை இழந்த பெண்ணின் வாசலுக்கே பணம் வந்தது. பிணை கேட்கவில்லை, சிரித்த முகம். பின்பு வாராவாரம் தவணை. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். நிலைமை எவ்வளவு முற்றியதென்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை 2018 இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. யாத்திராகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், ஏழையின் போர்வையை அடைமானமாக வாங்கியவன் சூரியன் மறைய முன் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். அவன் வேறு எதைப் போர்த்துப் படுப்பான் என்று அவரே கேட்கிறார். கடன் கொடுப்பதை அங்கே அவர் தடுக்கவில்லை. குளிரை ஆயுதமாக்குவதைத் தடுக்கிறார்.

இனி, நெருப்பை மூட்டியவன் விஷயம் ஒன்று இருக்கிறது. ஏரிக்குச் சூடு கொடுத்தவர் மீனுக்காகக் கொடுக்கவில்லை. அது அவர்களுக்குக் கழிவு. ஆனால் மீன் அதை நம்பி வாழப் பழகிவிட்டால்? 1972 ஜனவரியில் நியூ ஜேர்சி மாநிலத்தின் ஒயிஸ்டர் கிறீக் அணுமின் நிலையத்தை நிறுத்தினார்கள். வெதுவெதுப்பான கால்வாயிலே தங்கியிருந்த மென்ஹேடன் மீன்கள், நீர் திடீரெனக் குளிர்ந்தபடியால் பெருந்தொகையாகச் செத்து மிதந்தன. எவரும் அவற்றைக் கொல்ல நினைக்கவில்லை. ஆனால் ஓர் உயிர் நம்மை நம்பித் தங்கிய பின், "நான் உன்னை அழைக்கவில்லையே" என்று சொல்வது போதுமான பதிலாகுமா? வீட்டிலே பத்து வருடம் வேலை செய்த பிள்ளையை ஒரே நாளில் நிறுத்தி அனுப்பும் எசமானியும் இதே பதிலைத்தான் சொல்கிறாள்.

நமது நாட்டிலே இந்த வெந்நீர் வேறு முகம் காட்டுகிறது. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலோ ஆகஸ்டிலோ போகிறவர்கள் கற்பிட்டி வீதியில் நுரைச்சோலையைத் தாண்டித்தானே போகிறீர்கள்? அங்குள்ள நிலக்கரி மின் நிலையத்தின் முதற் பிரிவு 2011 இலும் மற்ற இரண்டும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற். அதுவும் கடல் நீரை இழுத்துக் குளிர்ந்து, சூடேறிய நீரைக் கடலுக்கே திருப்பி விடுகிறது. வேர்ஜீனியாவில் ஜனவரி மாதத்து மீனுக்கு அது கணப்பு. ஏற்கெனவே இருபத்தெட்டு இருபத்தொன்பது பாகையில் இருக்கும் நம் கடலில் எந்த மீன் குளிர்காய வரப்போகிறது? தன்னால் தாங்கக்கூடிய சூட்டின் எல்லைக்கருகில் வாழும் உயிர்களுக்கு இன்னும் சூடு ஏறினால் அது கொடை அல்ல. வெளியேறு என்ற உத்தரவு. அந்நிலையம் கட்டப்படுமுன்பே சிலாபம் மறைமாவட்ட ஆயர் பிராங்க் மார்க்கஸ் பெர்னாண்டோ ஆண்டகை அத்திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர். கரைவலை இழுக்கும் மக்களும் எதிர்த்தார்கள். நிலையம் வந்தது. மின்சாரமும் வந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இராத்திரி மின்விசிறியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாய்த் தூங்குகிற நானும் நீங்களும் அந்த மின்சாரத்தில் பங்காளிகள். அது வேண்டாம் என்று நான் எழுதினால் வாசகர் சிரிப்பீர்கள். 2022 இல் மணிக்கணக்காக இருட்டிலே இருந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் நாம் குளிரக் கடல் சூடாகிறது என்பதையாவது கட்டணச் சிட்டையைப் பார்க்கும்போது நினைக்கலாம். அன்னா ஏரிக்கரைப் பையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நீதிபதி ஆசனத்தில் அமர்வதற்கு இடமில்லை.

அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள்? குருவானவரைப்போல் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. புதுக்கடைப் பழக்கத்தில் பிரித்துச் சொன்னேன். "தம்பி, பசிக்கென்றால் அந்த இடத்திலேயே சட்டம் விட்ட அளவுக்குப் பிடி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிடு, செபம் சொல்லிச் சாப்பிடு. அதிலே எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. விளையாட்டுக்கென்றால், வெந்நீர் விழுகிற மூலையை விட்டுவிடு. குளிர்ப் பக்கத்தில் போய் இரு. அங்கே மீன் வேண்டாமென்று சொல்லலாம்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "குளிர்ப் பக்கத்தில ஒன்றும் கவ்வாது, அங்கிள்" என்றான்.

"தெரியும்" என்றேன்.

"அப்ப எதுக்குப் போறது?"

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அவனுடைய தாயார் வாகனத்திலிருந்து கூப்பிட்டபடியால் அன்றைய சம்பாஷணை அத்தோடு நின்றது.

பெப்ரவரி மாதக் கடைசியில் அவனிடமிருந்து தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. ஏரிக்குப் போனானாம். நண்பர்கள் மூலையிலேயே இருந்துகொண்டார்கள். அவன் மட்டும் எதிர்ப்பக்கம் போய் ஆறு மணித்தியாலம் இருந்தான். ஒன்றும் அகப்படவில்லை. காது விறைத்துப்போயிற்று. பின்னேரம் நாலு மணியளவில் ஒரு தடவை நூல் இலேசாக அசைந்ததாம். பொறுத்துப் பார்த்தான், பிறகு அசையவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கவேண்டும் என்று எழுதியிருந்தான். கீழே, தலவிலத் திருவிழாவுக்குப் போனால் அம்மாவின் முழங்கால் நோவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தும்படி கேட்டிருந்தான்.